மழை பெய்தால் மட்டும் கிணற்றில் கிருமி வருவது ஏன்?

கேள்வி: எங்கள் கிணற்றில் பன்னிரண்டு அடியிலேயே தண்ணீர். நல்ல தெளிவு, ருசியிலும் குறையில்லை. ஆனால் மழை பெய்தால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. பரிசோதித்ததில் ஈ.கோலை என்ற கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டதும் சரியானது. அடுத்த மழையில் மறுபடியும் அதே கதை. பவுடரை இன்னும் கூட்டிப் போடலாமா ஐயா?
– ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. பவுடர் இன்றைக்குக் கிணற்றில் இருக்கும் கிருமியைக் கொல்லும். நாளை மழையோடு உள்ளே வருவதை அது எப்படித் தடுக்கும்? ஈ.கோலை இருந்தாலே, மனிதக் கழிவோ விலங்குக் கழிவோ எங்கிருந்தோ கலக்கிறது என்று அர்த்தம். குடிநீரில் 100 மில்லிக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கிணறு பார்க்கப் போனால் நான் முதலில் தேடுவது கழிவு உள்ளே வரும் வழியைத்தான். மழை விட்ட மறுநாள், நல்ல வெயிலில், ஒரு கைக்கண்ணாடியால் வெளிச்சத்தை உள்ளே திருப்பிப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே கிணற்று உறைகள் (வளையங்கள்) சேரும் இடத்தில் ஈரக் கோடு இறங்குகிறதா, பாசியோ வேரோ தெரிகிறதா? தெரிந்தால் மேல்தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. மேலிருந்து 3 மீட்டர் வரைக்கும் இணைப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும். சுற்றுத்தளத்தில் வெடிப்பு இருந்தால் அதையும் பூசி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரி சரிவு வையுங்கள். மூடியும் அவசியம். வாளியையும் கயிற்றையும் தரையில் போடாதீர்கள்.

சுவர் சுத்தமாக இருந்தால், சந்தேகம் கழிப்பறைக் குழியின் மேல். பொதுவாக 15 மீட்டராவது தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கம் இருக்க வேண்டும் என்பார்கள். வெடிப்புள்ள பாறையிலும் பருமணலிலும் அந்தத் தூரமும் போதாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து குழியின் அடியைத் தொட்டுவிட்டால், நடுவில் வடிகட்ட மண்ணே மிஞ்சாது. அப்படியானால் குழியையோ கிணற்றையோ மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வேலை முடிந்த பிறகு ஒருமுறை பவுடர் போட்டு, குளோரின் வாடை போகும்வரை இறைத்துவிடுங்கள். அப்புறம் பரிசோதனை. அதை ஒரு நல்ல மழைக்குப் பிறகு செய்யுங்கள். வெயில் காலத்து முடிவை நம்பி இருந்துவிடாதீர்கள்.

அதுவரை குடிக்கும் தண்ணீர் முழுவதையும் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வையுங்கள். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பதாக இருந்தால் மட்டும் இந்தத் தண்ணீர் வேண்டாம்: கழிவோடு, கைக்குழந்தைக்கு ஆகாத நைட்ரேட் என்ற உப்பும் வரும், கொதிக்க வைத்தால் அது போகாது, செறிவுதான் கூடும். நைட்ரேட் பரிசோதனை முடிவு வரும்வரை வேறு தண்ணீர் பாருங்கள்.