முன்னாள் மனைவிக்கு மறுமணம்: மகளை என்னிடமே வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து பெற்றோம். மகள் தாயின் பொறுப்பில் இருக்கிறாள். மாதம் இரண்டு வார இறுதிகளில் என்னிடம் வருவாள். தாய் மறுமணம் செய்துகொண்ட பிறகு மகள் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. வயது 15. போன முறை வந்தபோது அவளுடைய டைரியைப் பார்த்தேன். ‘இந்த வீட்டில் நான் விருந்தாளி’ என்று எழுதியிருந்தாள். படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை வந்தால் திருப்பி அனுப்பாமல் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு முன்னாள் மனைவியின் நடத்தையைப் பற்றியது. அதெல்லாம் விவாகரத்தோடு தீர்ந்த கணக்கு. மறுமணம் செய்துகொண்டார் என்பதற்காக மட்டும் ஒரு தாய் பிள்ளையின் பொறுப்பை இழப்பதில்லை.

எங்கே இருக்க விரும்புகிறாள் உங்கள் மகள்? இவ்வளவு எழுதிய நீங்கள் அதை மட்டும் எழுதவில்லை. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது சிறாரின் காப்பாளர் பற்றிய கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், 1890, பிரிவு 17(3). நீதிபதி அவளைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகவே பேசக்கூடும். அங்கே உங்கள் வழக்கறிஞருக்கு வேலை இல்லை.

டைரிக்கு வருகிறேன். ‘இந்த வீட்டில்’ என்றால் எந்த வீட்டில்? அதை உங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தால்? எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி அதுதான். அந்தப் படங்களை மனுவோடு சேர்த்தால் நகல் தாயின் கைக்குப் போகும், அங்கிருந்து மகளுக்கும் தெரியவரும். வழக்கறிஞரான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர் மகளின் கைப்பேசிச் செய்திகளை இப்படித்தான் அச்செடுத்துத் தாக்கல் செய்தார். நீதிபதியின் அறையிலிருந்து வெளியே வந்த பெண் அப்பாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனுவை நாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வது அதைவிட மோசம். நீதிமன்ற ஆணையை மீறியவர் என்ற பெயரோடுதான் நீங்கள் வழக்கைத் தொடங்குவீர்கள். நீதிமன்ற அவமதிப்பு மனுவோ ஆட்கொணர்வு மனுவோ வரும்; இப்போது கிடைக்கும் இரண்டு வார இறுதிகளும் பறிபோகலாம்.

புதுக் கணவரைப் பற்றிக் கடைசி வரியில் பூடகமாக ஏதோ எழுதியிருக்கிறீர்கள். மகள் ஏதாவது சொல்லியிருந்தாலோ, உங்களுக்கே ஐயம் இருந்தாலோ இன்றே புகார் கொடுங்கள். தகவல் தெரிவிப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 19 விதிக்கும் கடமை. ஒன்றுமில்லாமல், அவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பொய்ப்புகார் கொடுத்தால் பிரிவு 22-இன் கீழ் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பொறுப்பு வழக்கில் கை ஓங்க வேண்டும் என்று இந்தக் குற்றச்சாட்டை மனுவில் செருகச் சொல்லும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் வழக்குக் கட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கு மேல்முறையீடு வரை இழுத்தால் அதற்குள் அவளுக்கு 18 ஆகிவிடும்; பிறகு யார் பொறுப்பு என்ற கேள்வியே எழாது. ஆகவே சமரசம் பேசுங்கள். வார இறுதி எது என்பதை மகளே முடிவு செய்யட்டும், விடுமுறையில் பாதி உங்களிடம் இருக்கட்டும். தாய் வாயளவில் ஒப்புக்கொண்டால் போதாது. இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மனுவாகக் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, பழைய ஆணையைத் திருத்தி வாங்குங்கள்.