குயின்ஸ் கேம்பிட் என்ற செஸ் தொடக்கத்தில் டி5 சிப்பாயை வெட்டியதும் குதிரை போனது ஏன்?

நீங்கள் கவனிக்காமல் விட்டது பி4-க்கு வரும் கறுப்பு பிஷப்பின் செக். 6-வது நகர்த்தலில் நீங்கள் குதிரையால் டி5 சிப்பாயை வெட்டியதும், கறுப்பு தன் ராணியைப் பொருட்படுத்தாமல் எஃப்6 குதிரையால் திருப்பி வெட்டுகிறது. நீங்கள் ஜி5 பிஷப்பால் ராணியை எடுத்தவுடன் அந்த செக். உங்கள் ராணியை டி2-வில் வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. ராணிக்கு ராணி போகும், அப்புறம் கறுப்பு ராஜா டி8-இல் நிற்கும் உங்கள் பிஷப்பை எடுத்துக்கொள்ளும். ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை நஷ்டம்.

உங்கள் ஜி5 பிஷப் குறிவைப்பதால் எஃப்6 குதிரை நகராது என்று நம்பியிருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருப்பது ராணி, ராஜா இல்லை. அதனால் தாராளமாக நகரலாம். டி7 குதிரை ராணியின் காவலை மறைப்பதால் சிப்பாய் இலவசம்போலத் தெரிகிறது, அதுதான் தூண்டில். மிக அழகான பொறி இது. 1848-இல் பெர்லினில் செஸ் வீரர் ஹார்விட்ஸுக்கு எதிராக ஆடிய மேயட் இதில்தான் சிக்கினார்.

அடுத்த முறை வெட்டும் முன் பாருங்கள்: சி3 குதிரை விலகினால் ஏ5-இலிருந்து இ1 வரை மூலைக்கோடு திறக்கிறதா? செக் வந்தால் எதை வைத்துத் தடுப்பது?

ஆனால் நீங்கள் முன்பே இ3 ஆடியிருந்தால் ராஜா இ2-வுக்கு ஒதுங்கலாம். எஃப்3-யில் குதிரை இருந்தால் அது டி2-வுக்கு வந்து தடுக்கும். அப்போது வெட்டுவது லாபம்தான், கறுப்பு பிஷப் இ7-க்கு வராதவரை.