ரிவர்ஸ் சென்சார் விடாமல் அலறினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஐந்து வருடமாக ஒரு ஹேட்ச்பேக் கார் ஓட்டுகிறேன். இப்போது ரிவர்ஸ் கியர் போட்டாலே, பின்னால் எதுவும் இல்லாதபோதும், பீப் ஒலி விடாமல் அடிக்கிறது. ஒருமுறை வாட்டர் வாஷ் செய்த பிறகு தொடங்கியது. வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது, மழை பெய்தால் மறுபடியும் வருகிறது. சர்வீஸ் சென்டரில் நான்கு சென்சாரையும் கன்ட்ரோல் யூனிட்டையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். நனைந்தால் வந்து காய்ந்தால் போகும் கோளாறுக்கு நான்கு சென்சாரும் ஒன்றாகக் கெட்டுப்போனது காரணமாக இருப்பது அபூர்வம். கன்ட்ரோல் யூனிட் பெரும்பாலான கார்களில் மழை படாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கடைசியாகச் சந்தேகித்தால் போதும்.

பம்பரில் வட்டமாகத் தெரியும் சென்சாரின் முகம் ஒரு சிறிய அலுமினியக் கிண்ணத்தின் அடிப்பாகம். உள்ளே ஒட்டியிருக்கும் பீங்கான் வில்லை அதிர்ந்து, காதுக்கு எட்டாத மீயொலியை அனுப்புகிறது. எதிரொலியைக் கேட்பதும் அதே வில்லைதான். ஒரு மீட்டர் தூரத்துச் சுவரிலிருந்து எதிரொலி திரும்ப ஏறக்குறைய 6 மில்லி விநாடி ஆகும். மணி அடித்து முடித்த பிறகும் ரீங்காரம் நீடிப்பதுபோல வில்லையின் அதிர்வும் உடனே அடங்காது. அதன் முகத்தில் நீர்த்துளியோ காய்ந்த சேறோ ஒட்டியிருந்தால் அந்த அடங்கும் விதமே மாறிவிடும். கன்ட்ரோல் யூனிட் அதை மிக அருகில் இருக்கும் பொருளாக எடுத்துக்கொண்டு அலறும்.

ஆகவே முதல் வேலை, ஈரத்துணியால் நான்கு முகங்களையும் துடைப்பது. சென்சாரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் இடுக்கில்தான் மண் அதிகம் தங்கும். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். ஊசி, கத்தி வேண்டாம்.

துடைத்தும் போகவில்லையென்றால் எது குற்றவாளி என்று பாருங்கள். சத்தமில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக் போட்டு, எஞ்சினை இயக்காமல் இக்னிஷனை மட்டும் போட்டு ரிவர்ஸ் கியரில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ஒருவர் பிரேக்கை மிதித்தபடி உள்ளே இருக்கட்டும். ஒவ்வொரு சென்சாரிடமும் காதைக் கொண்டுபோனால் மெல்லிய டிக் டிக் ஒலி கேட்கும். விரல் நுனியை வைத்தால் லேசான துடிப்பும் தெரியும். ஒன்று மட்டும் ஊமையாக இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிக் ஒலி வருவதால் மட்டும் அது நல்ல சென்சார் என்று முடிவு கட்டவும் முடியாது.

சந்தேகத்துக்குரியதைப் பக்கத்துச் சென்சாருடன் இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு சென்சாரோடு சேர்ந்து நகர்ந்தால் அந்த ஒன்றை மாற்றினால் போதும். பழைய இடத்திலேயே நின்றால் வயரிலோ கனெக்டரிலோதான் தவறு. சில கார்களில் ஓரச் சென்சாரும் நடுச் சென்சாரும் வேறு வேறு; பாகத்தின் எண்ணைப் பார்த்த பிறகே இடம் மாற்ற வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நான் கனெக்டர் மீதுதான் பந்தயம் கட்டுவேன். வாட்டர் வாஷில் அழுத்தமாகப் பீய்ச்சிய நீர் பம்பருக்குப் பின்னால் போய், கனெக்டரின் ரப்பர் சீலைத் தாண்டியிருக்கலாம். கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சைப் பாசி பிடித்ததுபோல் களிம்பு தெரியும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்த்தி, சீல் கிழிந்திருந்தால் மாற்றிப் பொருத்த வேண்டும். எலி கடித்த வயரையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

பம்பர் எப்போதாவது இடிபட்டதா, மறுபடி பெயின்ட் அடித்தீர்களா? உள்ளே தள்ளிய சென்சார் கீழே சாய்ந்து தரையையே தடையாகக் காட்டும். தடித்த பெயின்ட் அதிர்வை அமுக்கும். நம்பர் பிளேட் வளைந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே அலறல்தான்.

தொல்லை தாங்காமல் ஃபியூஸைப் பிடுங்கிவிடச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. கேட்காதீர்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் பின்பக்கச் சென்சார் கட்டாயம் என்று அரசு விதித்திருப்பது சும்மா அல்ல.

மறுபடி சர்வீஸ் சென்டருக்குப் போனால் ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீட்டைக் காட்டச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் அமைப்பாக இருந்தால் எந்தச் சென்சார் என்பதைப் பல கார்களில் அதுவே சொல்லிவிடும். குறியீடே இல்லாமல் நான்கையும் மாற்றச் சொன்னால், வேறொரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் காட்டுங்கள்.