கத்திப் பலகைக்கும் கிணற்றுக்கும் என்-52 காந்தம் வாங்கலாமா?

கேள்வி: சமையலறையில் கத்தி மாட்ட, ஒரு மரப்பலகையில் நியோடிமியம் காந்தம் (நியோடிமியம் என்ற உலோகம் சேர்த்துச் செய்யும் வலுவான காந்தம்) பதிக்கலாம் என்று இருக்கிறேன். தோட்டத்துக் கிணற்றில் விழுந்த பைப் ரென்ச்சையும் அப்படியே எடுத்துவிடலாமா? இருப்பதிலேயே வலுவானது என்-52 என்கிறார்கள். வாங்கலாமா? வீட்டில் 3 வயதுப் பையன் இருக்கிறான்.

பதில்:

உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அதனால் பையனிலிருந்தே தொடங்குகிறேன்.

குழந்தை காசை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்துவிட்டு மறுநாள் வரை பார்ப்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வழக்கம். காசு பெரும்பாலும் தானாக வந்தும்விடும். காந்தத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. இரண்டு காந்தம் உள்ளே போனால், குடலின் ஒரு வளைவில் ஒன்றும் பக்கத்து வளைவில் மற்றொன்றுமாக நின்று ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது குடல் சுவர். ரத்த ஓட்டம் நின்று அந்த இடம் அழுகி ஓட்டை விழும். வெளியே தெரிவதோ சாதாரண வயிற்றுவலியும் வாந்தியும்தான். ஒரு காந்தமும் ஒரு இரும்புத் துண்டும் போனாலும் இதே கதி. குட்டிக் காந்தக் குண்டு பொம்மைகளால் பல குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்ததால்தான், விழுங்கக்கூடிய அளவில் தனித்தனியாக இருக்கும் விளையாட்டுக் காந்தங்களின் வலுவுக்கே 2022-ல் அமெரிக்கா வரம்பு விதித்தது. சந்தேகம் வந்தாலே போதும், சாப்பிட எதுவும் கொடுக்காமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். போனதும் "காந்தம்" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தம் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலவும் தெரியலாம்.

ஆகவே எத்தனை வாங்கினீர்கள், எத்தனை பதித்தீர்கள், எத்தனை மிச்சம் என்று எண்ணி வையுங்கள். மிச்சம் பூட்டிய டப்பாவில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்க வேண்டாம்.

இனி வலு. நான் கோயம்புத்தூரில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இரும்புச் சுருளும் தூளும் அள்ளுவதற்காக 40×20×10 மி.மீ. கட்டைக் காந்தம் இரண்டு வாங்கினோம். ஒன்று 60 கிராம்தான் இருக்கும், தீப்பெட்டியைவிடச் சின்னது. வலது கையில் ஒன்றும் இடது கையில் ஒன்றுமாக எடுத்துப் பார்த்தேன். எப்போது நெருங்கினேன் என்றே தெரியவில்லை, "டப்" என்று ஒரு சத்தம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலிருந்த சதை உள்ளே மாட்டிக்கொண்டது. நான் வலியில் இழுக்க இழுக்க அது விடுவதாயில்லை. எங்கள் மேஸ்திரிதான் வந்து, "இழுக்காதீங்க கண்ணு, பக்கவாட்டுல தள்ளுங்க" என்று மேசை விளிம்பில் ஒன்றை அழுத்திப் பிடித்து மற்றதைச் சறுக்கி எடுத்துவிட்டார். ஒரு வாரம் அந்த இடம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. காந்தத்தின் மூலை ஒன்றும் சில்லாகத் தெறித்துப் போயிருந்தது. பார்க்க இரும்பு மாதிரி இருந்தாலும், பொடியை அழுத்திச் சூளையில் சுட்டுச் செய்வதால் பீங்கான் போல உடையும். கண்ணாடி போடாமல் அந்த விளையாட்டு விளையாடியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மேஸ்திரி சொன்ன அதே விஷயம்தான் உங்கள் கத்திப் பலகைக்கும் பொருந்தும். கடைக்காரர் "6 கிலோ தாங்கும்" என்பது, கனமான இரும்பில் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நேராக இழுத்தால் வரும் கணக்கு. 20 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. கனமும் உள்ள வில்லை கிட்டத்தட்ட அவ்வளவு தாங்கும். ஆனால் சுவரில் மாட்டிய கத்தி காந்தத்தை நேராக இழுப்பதில்லை, கீழே சறுக்கப் பார்க்கிறது. அதைத் தடுப்பது உராய்வு மட்டுமே. வழவழப்பான நிக்கல் பூச்சின் மேல் அந்த 6 கிலோ ஒரு கிலோ சொச்சமாகிவிடும். நடுவில் 3 மி.மீ. மரம் வந்தால் இழுப்பே பாதிக்கும் கீழே போகும். பெயின்ட் பூச்சு, காகிதம், துரு எல்லாம் இடைவெளிதான்.

"என்" (N) என்ற ஆங்கில எழுத்துக்குப் பின்னால் வரும் எண், காந்தப்பொருள் தேக்கி வைக்கக்கூடிய ஆற்றலின் அளவு, மெகா காஸ் ஓர்ஸ்டெட் கணக்கில். என்-42-க்கும் என்-52-க்கும் இழுப்பில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் வித்தியாசம். மர இடைவெளியை 3 மி.மீ.யிலிருந்து ஒன்றரை மி.மீ.யாகக் குறைத்தால் அதைவிட அதிகம் கிடைக்கும், காசும் செலவில்லை. தவிர, என்-52 என்று சொல்லி விற்பது உண்மையில் என்-52தானா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. நான் இதற்கு என்-35 அல்லது என்-38தான் வாங்குவேன்.

பலகையின் பின்பக்கம் வில்லை உட்காரும் அளவுக்குக் குழி எடுத்து, முன்பக்கம் 2 மி.மீ. மரம் மட்டும் மிச்சம் விடுங்கள். வில்லைகளை ஒன்று வடக்கு, அடுத்தது தெற்கு என்று மாற்றி மாற்றி வையுங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் 3 மி.மீ. கன இரும்புப் பட்டை ஒன்றைக் கொடுங்கள். பின்பக்கம் வீணாகும் காந்தப்புலத்தை அந்தப் பட்டை வளைத்து முன்னால் அனுப்பும். அதே காந்தம், பிடி மட்டும் நன்றாகக் கூடும். உடனடிப் பசை வேண்டாம், நிக்கலில் கொஞ்ச நாளில் விட்டுவிடும். இரண்டு டியூப் கலந்து போடும் எப்பாக்சி நல்லது. குழி சரியில்லையே என்று காந்தத்தைத் துளைக்கவோ அறுக்கவோ மட்டும் போகாதீர்கள். அந்தத் தூள் தீப்பிடிக்கும். பூச்சு போன இடத்தில் துரு ஏறிக் காந்தமே உதிரவும் தொடங்கும்.

கத்தி ஒட்டுமா என்று முதலில் பாருங்கள். வெட்டும் கத்திகளின் எஃகு பெரும்பாலும் ஒட்டும். எவர்சில்வர் தட்டும் டம்ளரும் பொதுவாக ஒட்டாது, அதற்காகக் காந்தத்தைக் குறை சொல்ல வேண்டாம். பலகையைப் பையன் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். இதைச் சொல்லத் தேவையில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கிணற்றுக்குக் கத்திப் பலகை வில்லை உதவாது. வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி விட்டுத் துழாவுவோமே, அதற்கு இந்தக் காலத்து மாற்று, இரும்புக் கிண்ணத்துக்குள் பதித்து மேலே கொக்கி வைத்த காந்தம். கிண்ணம் இருப்பதால் இழுப்பு முழுவதும் அடிப்பக்கமே சேரும். ரென்ச் 2, 3 கிலோ இருக்கலாம், 60 கிலோ என்று போட்ட காந்தமாக வாங்குங்கள். சேற்றில் பாதி புதைந்து, வளைந்த கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த 60-இல் எத்தனை கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நைலான் கயிறு போதும். சேற்றைத் தட்டித் தட்டி நகர்த்துங்கள், மாட்டினால் கையில் தெரியும். மோட்டார் குழாய் இரும்பாக இருந்தால் காந்தம் வழியிலேயே அதில் ஒட்டிக்கொண்டு வம்பு பண்ணும், எதிர்ப்பக்கம் இறக்குங்கள். போர்வெல்லுக்குள் இதை விடுவது பற்றி மட்டும் யோசிக்கவே வேண்டாம். சப்மெர்சிபிள் மோட்டாருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் ரென்ச்சோடு மோட்டாருக்கும் சேர்த்து அழ வேண்டியிருக்கும்.

சூடும் ஆகாது. எண்ணுக்குப் பின் வேறு எழுத்து இல்லாத ரகங்களுக்கு 80 டிகிரிதான் பொதுவான வரம்பு. அதைத் தாண்டினால் போன வலு ஆறிய பிறகும் திரும்பாது. எனவே பலகையை அடுப்புக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். ஹெச் போட்டது 120, எஸ்ஹெச் போட்டது 150 வரை தாங்கும். அதற்காகத்தான் டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு உலோகத்தைச் சேர்க்கிறார்கள். 2025-இல் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டு நம் ஊர் மின்வாகனக் கம்பெனிகளைத் திணற வைத்ததில் அதுவும் ஒன்று. நியோடிமியம் நமக்கு அந்நியம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் அது இருக்கிறது. மணலைக் காந்தமாக்கும் நீண்ட வழியில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

வீட்டில் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர் பக்கத்தில் இதைக் கொண்டுபோகாதீர்கள். காந்தம் அருகில் வந்தால் பேஸ்மேக்கர் தன் வழக்கமான வேலையை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் துடிக்க வைக்கும் நிலைக்கு மாறும். அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் கருவியாக இருந்தால், அந்த அதிர்ச்சியே வராமல் போகலாம். சின்னக் காந்தத்துக்கே ஒரு சாண் தூரமாவது வேண்டும், கிணற்றுக் காந்தத்துக்கு இன்னும் அதிகம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தாத்தாவைக் கட்டிப்பிடிப்பதுதான் நடக்கவே கூடாத விஷயம், பேஸ்மேக்கர் பெரும்பாலும் இருப்பது இடது காறை எலும்புக்குக் கீழேதான்.

ரென்ச் கிடைத்ததா என்று கீழே எழுதுங்கள். கிணறு எத்தனை அடி, அடியில் சேறா பாறையா என்பதையும் சேர்த்து எழுதினால், கயிறும் காந்தமும் எந்த அளவு என்று இன்னும் சரியாகச் சொல்லலாம்.