ஒலிம்பிக்கில் 6, பாராலிம்பிக்கில் 29: "பிரிவுகள் அதிகம்" என்பதுதான் காரணமா?

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கில் 6 பதக்கம் மட்டுமே வாங்கிய இந்தியா, அடுத்த சில வாரங்களில் நடந்த பாராலிம்பிக்கில் 29 வாங்கியது எப்படி? அங்கே பிரிவுகள் அதிகம், போட்டி குறைவு என்பதாலா?

பதில்:

இல்லை. அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். நேரம் இருந்தால் மீதியையும் படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த பதக்கப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள், கல்லூரியிலோ ஆபீஸிலோ யாரோ ஒருவர் இதைச் சொல்லியிருப்பார், சரியாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தோன்றியிருக்கும். ஆனால் இதே கேள்வியை 2016-இலிருந்து என் முகத்துக்கு நேரே பலர் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாராலிம்பிக் என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டி. ஒரே விளையாட்டையே உடல் பாதிப்புக்கு ஏற்பப் பல பிரிவாக நடத்துவார்கள், அதனால் பிரிவுகள் அதிகம் என்பது உண்மைதான். பாரிஸ் ஒலிம்பிக்கில் 329 போட்டிகள், பாராலிம்பிக்கில் 549. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1984-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு பாராலிம்பிக்கை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலுமாகப் பிரித்து நடத்தினார்கள். போட்டிகள் மட்டும் தொள்ளாயிரத்துக்கும் மேல், அதாவது இப்போதையதைவிடப் பிரிவுகள் மிக அதிகம். அதில் இந்தியா வாங்கியது 4 பதக்கம். அந்த நாலில் மூன்று ஜோகிந்தர் சிங் பேடி என்ற ஒரே ஆளுடையது, நாலாவது ஈட்டி எறிதலில் பீம்ராவ் கேசர்கருடையது. அப்புறம் 1988, 1992, 1996, 2000 என்று நான்கு பாராலிம்பிக் போயின. ஒரு வெண்கலம்கூட இல்லை. பிரிவுகள் அதிகமாக இருந்தால் பதக்கம் தானாக வந்துவிடும் என்றால் அந்தப் பதினாறு வருடம் ஏன் வரவில்லை?

1968-இல் டெல் அவிவுக்கு 10 பேர் போனதில் தொடங்கி 2016 ரியோ வரை, நம் மொத்தக் கணக்கே 12 பதக்கம்தான். நடுவில் 1976, 1980 இரண்டுக்கும் நாம் ஆளே அனுப்பவில்லை.

அந்த 12-இல் முதலாவதைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. முரளிகாந்த் பேட்கர் ராணுவத்தில் இருந்தவர், குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. 1972-இல் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார், அது உலக சாதனை. 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவுக்கு 36 வருடம் முன்னால். என் மகள் பள்ளியில் வினாடி வினா வைத்தார்கள், இந்தியாவுக்காக முதல் தனிநபர் தங்கம் வாங்கியவர் யார் என்று. அவள் பேட்கர் என்று எழுதினாள், தப்பு போட்டுவிட்டார்கள். ஒலிம்பிக் என்று கேட்டிருந்தால் பிந்த்ராதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வியில் ஒலிம்பிக் என்ற சொல்லே இல்லை. பேட்கருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2018-இல்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன்.

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. இடது கால் முழுக்கச் சூம்பிவிட்டது, வலது காலிலும் முட்டிக்கு மேலே பலம் பாதிதான். ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். பள்ளியில் பி.டி. பீரியடில் என் வேலை, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களுடைய வாட்ச்சையும் செருப்பையும் பார்த்துக்கொள்வது. ஒன்பதாம் வகுப்பில் புதிதாக ஒரு பி.டி. சார் வந்தார். முதல் வாரமே என் காலடியில், குண்டு எறிதலுக்கான இரும்புக் குண்டை உருட்டிவிட்டார். "கட்டை ஊன்றி ஊன்றி உன் தோள் இரும்பாட்டம் இருக்குடா. போடு பார்ப்போம்" என்றார்.

குண்டைத் தாடைக்குக் கீழே கழுத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வெயிலில் கிடந்த இரும்பு, வைத்ததும் சுரீர் என்று சுடும். இடது பக்கம் கட்டையை ஊன்றி நின்று வலது கையால் தள்ளுவேன். தள்ளும் வேகத்தில் கட்டையின் ரப்பர் முனை மண்ணில் புதைந்து நிற்கும். நான்கு வருடம் அப்படித்தான் பழகினேன். மாவட்டத்தில் முதலிடம், மாநிலத்தில் இரண்டாமிடம். 1998-இல் வடக்கே ஒரு நகரத்தில் நடந்த தேசிய அளவிலான போட்டிக்கு அனுப்பினார்கள். அம்மா புளிச்சோறு கட்டிக்கொடுத்தார். அன்ரிசர்வ்டு பெட்டியில் இரண்டு ராத்திரி பயணம்.

அங்கே முதலில் கிளாசிஃபிகேஷன். அதாவது எந்த உடலுக்கு எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது. ஒரு வகுப்பறையில் இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். மருத்துவர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இந்தியில் ஏதோ சொன்னார். நான் விழித்ததும், தள்ளு, இழு என்று கையால் காட்டினார். தொடையை அழுத்தினார், இடுப்பை அழுத்தினார், ஒவ்வொரு தசைக்கும் ஒரு மார்க் எழுதினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். உட்கார்ந்து எறியும் பிரிவு என்று சீட்டு கொடுத்துவிட்டார்.

நான் வாழ்க்கையில் ஒரு நாள்கூட உட்கார்ந்து குண்டு எறிந்ததில்லை.

உட்கார்ந்து எறிவதற்கென்றே இரும்பு நாற்காலி உண்டு, அதைத் தரையோடு இழுத்துக் கட்டுவார்கள், தொடையையும் இடுப்பையும் பட்டையால் இறுக்குவார்கள் என்பதெல்லாம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பையன்கள் சொந்தமாகவே அதைக் கொண்டுவந்திருந்தார்கள். எனக்குப் பந்தலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்து, ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். எறியும்போதெல்லாம் நாற்காலி ஒரு சாண் பின்னால் போனது. நாற்காலி வாங்கிக்கொண்டது போக மீதிப் பலம்தான் குண்டுக்கு. இருக்கையை விட்டு இடுப்பு எழும்பினால் ஃபவுல். நின்றே பழகிய உடம்பு, தானாக எழும்பியது. மூன்றில் இரண்டு ஃபவுல். கடைசிக்கு முந்தின இடம் வந்தேன்.

பல வருடம் அந்த மருத்துவர்மேல் கோபமாக இருந்தேன். அவர் செய்தது சரி என்று பிறகுதான் புரிந்தது. மதுரையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் என் கால்களைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். என் உடம்புக்கு அந்தப் பிரிவுதான். நான்தான் நான்கு வருடம் வேறு யாருக்கோ உரிய போட்டிக்குப் பழகியிருக்கிறேன். பி.டி. சாரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் ஒருவர்தான் என்னை மரத்தடியிலிருந்து எழுப்பினார். அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பதினாறு வருடம் ஏன் பதக்கம் வரவில்லை என்பதற்கு என் பதில் இதுதான். ஆள் இருந்தார்கள். எந்த உடம்பு எந்தப் பிரிவு, அதற்கு என்ன நாற்காலி, என்ன பயிற்சி என்று சொல்ல ஊர்ப் பக்கத்தில் ஆள் இல்லை.

பிரிவு என்பதை ஏதோ சலுகை மாதிரி பேசுகிறார்கள். தேவேந்திர ஜஜாரியாவைப் பாருங்கள். ராஜஸ்தான்காரர், எட்டு வயதில் மரம் ஏறும்போது மின்கம்பி பட்டு இடது கையை இழந்தவர். 2004 ஏதென்ஸில் ஈட்டி எறிதலில் 62.15 மீட்டர், உலக சாதனையோடு தங்கம். அடுத்த பெய்ஜிங்கிலும் லண்டனிலும் அவருடைய பிரிவுக்கு ஈட்டி எறிதல் போட்டியே வைக்கவில்லை. உலகத்திலேயே அதிக தூரம் எறிகிறவர் பன்னிரண்டு வருடம் காத்திருந்தார். 2016 ரியோவில் திரும்ப வந்து 63.97 மீட்டர் எறிந்தார், தன் சாதனையைத் தானே முறியடித்து மறுபடி தங்கம். பிரிவு என்பது ஒருவரை உள்ளேயும் விடும், வாசலிலேயும் நிறுத்தும்.

அதே ரியோவில்தான் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிவிட்டது. அவர் அம்மா காய்கறி விற்றவர். நான் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். அன்று காலை போனில் செய்தியைப் பார்த்துவிட்டு மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன்.

மூன்று நாள் கழித்து தீபா மாலிக் குண்டு எறிதலில் வெள்ளி வாங்கினார், 4.61 மீட்டர். பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். என் பெரியப்பா மகன் மண்டிக்கு வந்திருந்தார். "நாலரை மீட்டர்தானே தம்பி, அதை என் பையனே போடுவானே" என்றார். மார்புக்குக் கீழே உணர்வில்லாத உடம்பு என்றால் அது எப்படி இருக்கும் என்று அவருக்கு வாயால் சொல்லிப் பயனில்லை. மண்டியில் பழைய ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. "அண்ணே, இதில் உட்காருங்க" என்று நாற்காலி போட்டு, அவர் மார்பைத் துண்டால் நாற்காலியோடு இறுக்கிக் கட்டி, காலிரண்டையும் தூக்கித் தக்காளிப் பெட்டிமேல் வைத்து, முன்னால் காலிச் சாக்குகளை விரித்து, எறியச் சொன்னேன். கல் அவர் கால் வைத்திருந்த பெட்டியை ஒட்டியே விழுந்தது. சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இன்னொரு தடவை கொடு" என்றார். மூன்று தடவை எறிந்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

(தீபா மாலிக் எறிந்தது அதே எடை இல்லை, அண்ணன் விளையாட்டு வீரரும் இல்லை, இது என்ன ஒப்பீடு என்று எழுத வேண்டாம். நிரூபிக்கச் செய்ததில்லை. இடுப்பும் காலும் ஒத்துழைக்காமல் கை மட்டும் என்ன செய்யும் என்று அவர் தன் உடம்பில் உணர்ந்து பார்க்கத்தான்.)

அந்த அண்ணன் மகள் கல்யாணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். புது ஏசி மண்டபம். பந்தி கீழ்த்தளத்தில், 22 படி. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் சாம்பார் வாளிக்கும் இலைக்கட்டுக்கும் மட்டும்தானாம், ஆளை ஏற்ற மாட்டார்களாம். நான்கு பையன்கள் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு ஐம்பது வயதாகப்போகிறது. 2016-லேயே சட்டம் வந்துவிட்டது, பொதுமக்கள் புழங்கும் கட்டடங்கள் எல்லாரும் போய்வரும்படி இருக்க வேண்டும் என்று. அதற்குப் பிறகு கட்டிய மண்டபம் அது. இப்போதெல்லாம் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள்.

கேள்விக்கு வருகிறேன். பதக்கம் ஏன் கூடியது? லண்டனுக்கு நாம் அனுப்பியது 10 பேர். ரியோவுக்கு 19, டோக்கியோவுக்கு 54, பாரிஸுக்கு 84. பதக்கம் வரிசையாக 1, 4, 19, 29. நான்தான் சொன்னேனே, ஆள் இருந்தார்கள். ஒலிம்பிக் வீரர்களுக்குப் பணம் கொடுக்கும் மத்திய அரசின் டாப்ஸ் திட்டத்தில் இவர்களையும் சேர்த்தார்கள், பயிற்சியாளர் கிடைத்தார், வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போய்வர முடிந்தது.

போட்டி குறைவா என்றால், மாரியப்பனையே கேட்க வேண்டும். ரியோவில் 1.89 தங்கம், டோக்கியோவில் 1.86 வெள்ளி, பாரிஸில் 1.85 வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் வாங்கியவரே ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே நிற்க வேண்டியிருக்கிறது. பாரிஸ் பேட்மிண்டன் அரையிறுதியில் மோதிக்கொண்டதே நம் பிள்ளைகள் இரண்டு பேர், துளசிமதியும் மனிஷாவும். முதல் செட் 23-21 வரை போனது. ஜெயித்த துளசிமதிக்கும் இறுதியில் சீனப் பெண்ணிடம் தோற்று வெள்ளிதான் கிடைத்தது. அந்த சீனா பாரிஸில் மொத்தம் 220 பதக்கம் வாங்கியது. நம் 29 பெரிது என்று நான் துள்ளவில்லை.

ஒலிம்பிக் வீரர்களை நான் குறைத்துப் பேசியதாக யாராவது எழுதினால், தயவுசெய்து மேலே ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள். நீரஜ் சோப்ரா எறியும்போது நானும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எங்கள் மண்டியில் மூட்டை தூக்குபவரின் மகன் ஒருவன் இருக்கிறான், பதினாறு வயது. பிறவியிலேயே இரண்டு காலும் சரியில்லை. தோள் நல்ல தோள். போன வருடம் முதல் வேலையாக அவனை அழைத்துப் போய் எந்தப் பிரிவில் வருவான் என்று கேட்டுவிட்டேன். உட்கார்ந்து எறிவதுதான். வெல்டிங் பட்டறைத் தம்பி ஆங்கிள் இரும்பில் நாற்காலி செய்துகொடுத்தான், உயரத்தை விதிப்படி அளந்து 75 சென்டிமீட்டருக்குள் வைத்தோம். பட்டைக்குப் பழைய காரின் சீட் பெல்ட். மைதானத்தில் நான்கு முளை அடித்துக் கட்டினால் அசைவதில்லை. அவனுக்கு இன்னும் குண்டை விடும் நேரத்தில் முழங்கை கீழே இறங்கிவிடுகிறது, அதைத்தான் இந்த மாதம் முழுக்கச் சரிசெய்துகொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வருவோம், வெயில் ஏறுவதற்குள் முப்பது எறி.