போன் அலறினால் எந்த அறைக்கு ஓடுவது?

வாசகர் கேள்வி – பதில்

டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் பிள்ளைகள் இருக்கும் பெற்றோரும், அங்கேயே குடியிருக்கும் வாசகர்களும் டோர்னடோ பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: மகளின் பேறுகாலத்துக்காக ஏப்ரலில் டெக்சாஸ் ஃபிரிஸ்கோவுக்குப் போகிறேன். மாப்பிள்ளை பகலில் ஆபீஸ் போய்விடுவார். டோர்னடோ என்பது நம் ஊர்ப் புயல் மாதிரிதானே? ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தால் போதாதா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: நம் ஊர்ப் புயல் மூன்று நாள் முன்பே பெயர் வைத்துக்கொண்டு வரும். நாகப்பட்டினத்தில் கூண்டு ஏற்றுவார்கள். மெழுகுவத்தியும் பால் பாக்கெட்டும் வாங்கி வைக்க நேரம் கிடைக்கும். டோர்னடோ வேறு சாதி. இடிமழை மேகத்தின் அடியிலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று அது. அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கும். ஒரு வீட்டைக் கடந்து போக ஓரிரு நிமிடம் போதும். ஆனால் மிக வலுத்தவற்றில் காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டும். எச்சரிக்கை வந்த பிறகு பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. இரண்டையுமே நாம் ‘சூறாவளி’ என்று சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்று தூக்கி எறியும் பலகையும் கண்ணாடியும் செங்கல்லும்தான். ஆகவே உங்களுக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவே எத்தனை சுவர் என்பதுதான் கணக்கு. டல்லாஸ் பக்கம் களிமண் பூமி; மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதனால் அங்கே வீடுகளுக்குப் பேஸ்மென்ட் (தரைக்கு அடியில் அறை) இருப்பது அபூர்வம். சிமென்ட் தளம், அதன்மேல் மரச்சட்டம், அவ்வளவுதான். போய் இறங்கிய மறுநாளே மகளோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத, வெளிச்சுவரைத் தொடாத சின்ன அறை ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாடிப்படிக்கு அடியிலுள்ள க்ளாசெட் (சாமான் வைக்கும் சின்ன அறை) நல்ல இடம். நடுவீட்டு பாத்ரூமும் ஆகும். சின்ன அறையில் சுவர்கள் நெருங்கி நின்று ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். பெரிய ஹாலில் அப்படி இல்லை. கராஜ் மட்டும் கூடவே கூடாது. அதன் அகலக் கதவுதான் முதலில் மடங்கும். அந்த வழியாகப் புகும் காற்று கூரையை உள்ளிருந்தே மேலே தள்ளும்.

அந்த க்ளாசெட்டைத் திறந்தால் பெரும்பாலும் காலி சூட்கேஸும் கொலுப்படியும்தான் இருக்கும். பாதியையாவது வெளியே எடுத்துவிட்டு, எல்லோரும் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திப் பாருங்கள். சாத்த முடியாவிட்டால் அது உங்கள் அறை இல்லை.

உள்ளே முதலில் வைக்கவேண்டியது ஆளுக்கொரு ஜோடி மூடிய ஷூ. நம் வீடுகளில் செருப்பெல்லாம் வாசலோரம் கிடக்கும். காற்று போன பிறகு தரையெங்கும் ஆணியும் கண்ணாடியும்தான், வாசல் வரை வெறுங்காலோடு போகமுடியாது. அடுத்தது தலைக்கு ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட், மாப்பிள்ளையின் கிரிக்கெட் ஹெல்மெட், எதுவானாலும் சரி. பச்சைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாமல் கார் சீட்டில் வாரைப் போட்டுக் கட்டி, அந்தச் சீட்டையே உள்ளே கொண்டுபோங்கள். பிறகு டார்ச், விசில், தண்ணீர், அன்றாட மாத்திரை, பவர் பேங்க், பாஸ்போர்ட், விசா தாள்கள். ஒரு தாளில் வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். அவசர உதவி எண்ணான 911க்குப் பேசும்போது முதலில் கேட்பது அதைத்தான். கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயரும் அதில் இருக்கட்டும்: ஃபிரிஸ்கோ ஊர் காலின், டென்டன் என்ற இரண்டு கவுன்டிகளில் பரவிக் கிடக்கிறது, டிவியில் எச்சரிக்கை சொல்லும்போது கவுன்டி பெயரைத்தான் சொல்வார்கள்.

கேள்வி: ‘வாட்ச்’ என்றும் ‘வார்னிங்’ என்றும் மாறி மாறி வருகிறதே. எதற்கு எழுந்து ஓடவேண்டும்? சைரன் ஊதினால் போதாதா?
— வாசகர், பிளேனோ

பதில்: வார்னிங்குக்கு ஓடவேண்டும். வாட்ச் என்பது ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் கணிப்பு மையம் பல கவுன்டிகளுக்குச் சேர்த்து, பல மணி நேரத்துக்குக் கொடுப்பது. வானம் அதற்குத் தோதாக இருக்கிறது என்று மட்டும் பொருள். அப்போது போனைச் சார்ஜில் போட்டு, பிள்ளைகள் எங்கே என்று பார்த்து, கோவிலுக்கோ கடைக்கோ கிளம்புவதைத் தள்ளிப்போட்டால் போதும். வார்னிங்கை உங்கள் பகுதி வானிலை அலுவலகம் (உங்களுக்கு ஃபோர்ட் வொர்த்) கொடுக்கும். ரேடாரில் சுழற்சி தெரிந்தாலோ, யாராவது கண்ணால் பார்த்தாலோதான் அது வரும். ‘டோர்னடோ எமர்ஜென்சி’ என்ற சொல் வந்தால் ஆளிருக்கும் பகுதியை நோக்கிப் பெரிய டோர்னடோ வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 1999 மே 3 அன்று ஓக்லஹோமா நகரப் பகுதிக்குத்தான் முதன்முதலில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள்.

சைரனை நம்பித் தூங்காதீர்கள். அது வெளியே நிற்பவர்களுக்காக வைத்தது. ஏசி ஓடும் வீட்டுக்குள், இரட்டைக் கண்ணாடி ஜன்னலைத் தாண்டிக் கேட்காமலே போகலாம். ஊதுவது நின்றால் ஆபத்து தீர்ந்தது என்றும் பொருள் இல்லை. இரவுக்கு, வானிலை எச்சரிக்கை வந்ததும் தானாக அலறும் வெதர் ரேடியோ ஒன்று வாங்கி, உங்கள் கவுன்டியின் எண்ணை அதில் பதிந்து, பேட்டரி போட்டுப் படுக்கை அருகே வையுங்கள். போனில் அவசர எச்சரிக்கையை யாரோ எரிச்சலில் அணைத்துவைத்திருப்பார்கள். இன்றே செட்டிங்ஸில் பாருங்கள்.

கேள்வி: மூன்றாம் மாடி அபார்ட்மென்டில் இருக்கிறோம். எங்கே போவது?
— வாசகி, இர்விங்

பதில்: கீழே. தரைத்தளத்தில் இருப்பவரோடு இன்றே பேசி வையுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. ஒரு டப்பா பாதுஷாவோடு போனால் யாரும் மறுக்கமாட்டார்கள். கட்டடத்துக்கு உள்ளே மூடிய நடைவழி இருந்தால் கீழ்த்தளத்தில் அதுவும் ஆகும். வெளிப்பக்கம் திறந்த படிக்கட்டு ஆகாது. லிஃப்ட் வேண்டாம், கரன்ட் போனால் மாட்டிக்கொள்வீர்கள். கீழே போக நேரமே இல்லையென்றால் உங்கள் வீட்டின் நடு பாத்ரூமில் தொட்டிக்குள் குனிந்து உட்கார்ந்து, மெத்தையை மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காரில் போகும்போது வந்துவிட்டால்? மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாம் என்று நண்பர் சொல்கிறார்.
— வாசகர், எட்மன்ட், ஓக்லஹோமா

பதில்: நண்பர் சொல்வது ஆளைக் கொல்லும் யோசனை. 1991இல் கான்சாஸில் ஒரு டிவி குழு மேம்பாலத்தின் அடியில் பதுங்கிப் பிழைத்த வீடியோ உலகமெல்லாம் ஓடியது; அதிலிருந்து பிடித்துக்கொண்ட நம்பிக்கை இது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மூன்று மேம்பாலங்களின் அடியில் ஒதுங்கியவர்களில் பாலத்துக்கு ஒருவராக மூன்று பேர் இறந்தார்கள். சரிவில் மேலே ஏற ஏறக் காற்று வலுக்கும்; பாலத்தின் இடுக்கு அதை இன்னும் குவித்துத் தரும். பலகையும் தகரமும் அந்த வழியாகத்தான் பறந்து வரும். கார்களை நிறுத்தி வழியை அடைத்தால் பின்னால் வருபவர்களும் வெட்டவெளியில் மாட்டுவார்கள்.

டோர்னடோ தூரத்தில் இருந்தால், அது போகும் திசைக்குக் குறுக்காக ஓட்டி விலகுங்கள். பல நேரம் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகத்தான் நகரும், ஆனால் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது இடமோ வலமோ நகராமல், நின்ற இடத்திலேயே பெருத்துக்கொண்டு போவதுபோல் தெரிந்தால் உங்களை நோக்கி வருகிறது. மழைத்திரைக்குள் மறைந்திருந்தால் எதுவுமே தெரியாது. அருகில் பெட்ரோல் பங்கோ, ஓட்டலோ, கடையோ இருந்தால் காரை விட்டுவிட்டு உள்ளே போய், கழிப்பறைக்கோ வாக்-இன் கூலருக்கோ (ஆள் நுழையும் அளவுக் குளிர்பதன அறை) ஓடுங்கள். எதுவும் இல்லையென்றால் இரண்டுமே மோசமான வழிகள்தான்: சீட் பெல்ட்டோடு ஜன்னல் மட்டத்துக்குக் கீழே தலையைக் குனிந்து மூடிக்கொள்வது, அல்லது சாலையைவிட நன்றாகத் தாழ்ந்த பள்ளத்தில் காரிலிருந்து விலகிக் குப்புறப் படுப்பது. பள்ளத்தில் தண்ணீர் ஓடினால் முதல் வழி.

வீட்டில் இருப்பவர் ‘தப்பி ஓடுகிறேன்’ என்று கார் எடுப்பது இன்னொரு தப்பு. 2013 மே 31 அன்று எல் ரெனோ அருகே 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு டோர்னடோ வந்தது. அதில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். தப்பிக்கக் கிளம்பியவர்களால் நெடுஞ்சாலைகள் அன்று நெரிசலில் நின்றன.

கேள்வி: காற்றழுத்தத்தால் வீடு வெடிக்காமல் இருக்க ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டுமாமே?
— வாசகர், துல்சா

பதில்: வேண்டாம். வீடு அழுத்தத்தால் வெடிப்பதில்லை. காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்குவதால் பிரிகிறது. நீங்கள் திறந்தால் அதற்கு வழிவிட்டதாகும். அந்த அரை நிமிடத்தில் கண்ணாடி அருகே நிற்பீர்கள், அது போதும் விபரீதத்துக்கு.

கேள்வி: புது வீட்டு கராஜில் டோர்னடோவுக்குப் பதுங்க எஃகு சேஃப் ரூம் போட விற்பனையாளர் வந்தார். எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், ராக்வால், டெக்சாஸ்

பதில்: கராஜ் கூடாது என்று மேலே சொன்னது வெறும் கராஜைப் பற்றி. தளத்தோடு போல்ட் அடித்து இறுக்கிய எஃகு அறை வேறு விஷயம். அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமா சொல்லும் தரம் மணிக்கு 250 மைல் காற்றைத் தாங்கவேண்டும் என்பது. சோதனையில் 15 பவுண்டு எடையுள்ள மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் சுவர்மீது எய்து பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் கதவும் சேர்ந்து தேறியதா என்று கேட்டு, தாளை வாங்கிப் பாருங்கள். சுவர் தாங்கி, தாழ்ப்பாள் பிய்ந்தால் பயனில்லை.

விற்பனையாளர் சொல்ல மறக்கும் ஒன்று: உங்கள் பக்கத்துப் புது வீடுகள் பலவற்றில் தளத்துக்குள் முறுக்கேற்றிய எஃகு வடம் ஓடும். கராஜ் தரையிலேயே ‘வெட்டாதே, துளைக்காதே’ என்று முத்திரை குத்தியிருக்கும். போல்ட்டுக்குத் துளை போடும்போது வடம் அறுந்தால் தளமும் கெடும், துளைப்பவருக்கும் அடிபடும். ஸ்கேன் செய்து வடத்தின் இடத்தைக் குறித்த பிறகே துளைக்கவேண்டும். முடிந்ததும் நகராட்சியில் அறையின் இடத்தைப் பதியும் வசதி இருந்தால் பதியுங்கள். இடிபாடு கதவை அடைத்தால் எங்கே தோண்டுவது என்று மீட்புக்குழுவுக்குத் தெரியும்.

கேள்வி: காற்று போன பிறகு?
— வாசகர், கார்லண்ட்

பதில்: காஸ் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியேறி, தள்ளி நின்று போன் செய்யுங்கள். அறுந்து கிடக்கும் எந்தக் கம்பியும் உயிருள்ளது என்றே வையுங்கள். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 20 அடி தள்ளி வையுங்கள், கராஜ் கதவைத் திறந்துவைத்தாலும் உள்ளே ஓட்டக்கூடாது. ஆணி ஏறினால் டெட்டனஸ் ஊசி.

எதையும் அள்ளிப் போடுவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள். தார்ப்பாய் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் இன்ஷூரன்ஸில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் தனி டிடக்டிபிள் (நீங்களே ஏற்கவேண்டிய பங்கு) இருக்கலாம். அது பெரும்பாலும் சதவீதக் கணக்கு. 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து. இதைச் சீசனுக்கு முன்பே பாலிசியில் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: டிவியில் செய்தி வந்ததும் மகனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறோம், எடுப்பதில்லை. என்ன செய்வது?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: டோர்னடோ அதிகம் வருவது பிற்பகல் நான்கிலிருந்து இரவு ஒன்பதுக்குள். அங்கே மாலை ஐந்து என்றால் உங்களுக்கு விடியற்காலை மூன்றரை. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு காலும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும் ரேடார் படத்தை மறைக்கிறது, பேட்டரியையும் தின்கிறது. லைன் நெரிசலில் குரல் அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். ‘சரியா?’ என்று ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். ‘சரி’ என்று ஒற்றைச் சொல் பதில் போடவேண்டும் என்று இப்போதே மகனிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.