சம்பளம் திர்ஹாமிலா, ரூபாயிலா?

வணக்கம் நண்பரே. துபாயில் இரண்டு வருட ஒப்பந்தம், மாதம் 5,000 திர்ஹாம் அல்லது இந்தியக் கணக்கில் 1,15,000 ரூபாய், எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் தயங்காமல் திர்ஹாமையே கேளுங்கள்.

காரணம் இதுதான். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கினால், திர்ஹாமுக்கு எதிராகவும் அதே அளவு இறங்கும். 2014 நடுவில் ஒரு திர்ஹாம் சுமார் 16 ரூபாய். 2024 கடைசியில் 23-ஐத் தாண்டியது. 2013-இல் மே முதல் ஆகஸ்ட் வரை மட்டும் டாலர் 54-லிருந்து 68 வரை ஓடியது.

உங்கள் ஒப்பந்தக் காலத்தில் திர்ஹாம் 25 ஆகிறது என்று வையுங்கள். உங்கள் 1,15,000 ரூபாயின் மதிப்பு 4,600 திர்ஹாம்தான். அறை வாடகை, மெஸ், பஸ் எல்லாம் அங்கே திர்ஹாமில்தானே? அந்த 400 உங்கள் கையிலிருந்து போகும். திர்ஹாமில் வாங்கினால் ஊருக்கு அனுப்புவது 10,000 ரூபாய் கூடும்.

ரூபாய் ஏறினால்? அப்போது வீட்டுக்கு அனுப்பும் தொகை கொஞ்சம் குறையும், உண்மைதான். ஊரில் வீட்டுக்கடன் தவணை இருந்தால் இரண்டு மூன்று மாதத் தவணையை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

அப்புறம், கூகுள் காட்டும் விகிதம் பணம் அனுப்பும் கடையில் கிடைக்காது. ஒரு திர்ஹாமுக்குச் சில பைசா குறைப்பார்கள், கட்டணமும் உண்டு. அனுப்பும் முன் இரண்டு கடையில் விசாரியுங்கள். ரூபாய்தான் என்று நிறுவனம் பிடிவாதம் பிடித்தால், எந்தத் தேதியின் விகிதம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.